பச்சை மை

முப்பத்தைந்து வருஷமாக
வியாழக்கிழமைகளை எழுதி வைப்பது என் வேலை.
யார் வந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது,
ஹீட்டருக்கு யார் காசு போட்டார்கள்,
டன்டீயில் அன்றைக்கு மழையா, இல்லை
டே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனியா.
இது நான்காவது நோட்டு. நீல அட்டை.

முதல் நோட்டில் முழுப்பெயர்கள் கிடையாது.
ஒரு பெயர் வெளியே போனால்
ஒரு வேலை போகும், ஒரு வீடு போகும்.
இஷ்பெலுக்கு மகன் போனான்.
நீதிமன்றத்தில் அவளிடம் கேட்டார்கள்:
படுக்கை ஒன்றா, இரண்டா?
ஒன்று என்றாள்.
ஆறு வயதுப் பையன் அப்பாவோடு
ஆபர்டீன் ரயிலில் ஏறினான்.
அந்த வாரம் நான் எழுதியது இவ்வளவுதான்:
"இ. வரவில்லை."

ரொவீனா வந்தது ஒரு மார்ச்சில்.
கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தாள்,
மூன்று மாதமும் கதவோரம்தான்.
துறைமுகத்தில் வெல்டர்.
முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.
தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டபோது
அவளுக்கு ஐம்பத்தொன்று.
செங்காவின் உடைந்த சைக்கிளைப் பற்றவைத்துத் தந்தாள்.
சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள்.

பிறகு அந்தப் பேச்சு தொடங்கியது.
யார் தொடங்கினார்கள் என்பது குறிப்பில் இல்லை.
நான் எழுதவில்லை.
செங்கா சொன்னாள்:
"நம்மை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்களே,
மறந்துபோச்சா?"
இஷ்பெல் சொன்னாள்:
"பெண் என்ற சொல்லுக்கு நான் என்ன விலை கொடுத்தேன்,
உனக்குத் தெரியும்.
அதைப் பங்குபோடச் சொல்லாதே."
பத்தொன்பது வருஷம் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள்.
ரொவீனா தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அடியில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

வாக்கெடுப்புக்குப் பொத்தான்கள்.
ஆளுக்கு இரண்டு.
வெள்ளை என்றால் இருக்கட்டும், கறுப்பு என்றால் வேண்டாம்.
ஒன்றை பிஸ்கட் டின்னில் போட வேண்டும்.
பதினொன்று, பதினொன்று.
நான் சமையலறையில்
கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.
குழாய்ச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை என்றேன்.

கேட்டது.

அடுத்த வாரம் நோட்டைத் திறந்தால்
"அவள் இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்தாள்" என்ற வரியில்
முதல் சொல்லை அடித்திருந்தது.
மேலே பச்சை மையில் "அவன்".
நாக்கை மேலே மடித்தால் ஒன்று,
கொஞ்சம் முன்னால் நகர்த்தி
ஈறோரம் வைத்தால் மற்றது.
இடையில் அரை விரற்கடை.
அதற்குள் ஓர் ஆள், ஆறடி உயரத்தில்,
எப்படி நிற்பாள்?

அவசரத்தில் வினையை மாற்ற மறந்திருந்தது.
"அவன் இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்தாள்"
என்று கோணிக்கொண்டு கிடந்தது வாக்கியம்.
நான் திருத்தவில்லை. கீழே கையெழுத்திட்டேன்.
அந்தப் பச்சை மையை எனக்குத் தெரியும்.
என் பிறந்தநாள் அட்டைகள் எல்லாம் அந்த மைதான்.
அம்மா செத்தபோது வந்த நாலு பக்கக் கடிதமும்.

இப்போது சனிக்கிழமை, நூலக மாடியில் இஷ்பெலின் ஆட்கள்.
வியாழக்கிழமை, பழைய கூடத்தில் செங்காவும் மிச்சப்பேரும்.
நான் இரண்டுக்கும் போகிறேன்.
இரண்டு இடத்திலும் தெரியும். யாரும் கேட்பதில்லை,
நாற்காலியை மட்டும்
கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள்.
ரொவீனா எதற்கும் வருவதில்லை.

நவம்பரில் இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
கோட்டு அதே கோட்டுதான்.
"இஷ்பெலுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சா?"
ஆச்சு என்றேன்.
"படி ஏற முடிகிறதா?"
கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறாள் என்றேன்.
"நூலக மாடிக் கைப்பிடி ஆடும்,
யாரையாவது விட்டு இறுக்கச் சொல்" என்றாள்.

அதற்குமேல் பேசவில்லை.
கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அப்பால்
பாலத்தின் விளக்குகள் மங்கலாக ஓடின.
என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.
இரண்டு பொத்தான்களும் அங்கேதான் இருக்கின்றன,
ஒரே அளவு, ஒரே நாலு துளை.
தொட்டுப் பார்த்தால்
எது எதுவென்று தெரியாது.